குளிர்காலக் காலையில் பைக் இன்டிகேட்டர் மெதுவாக அடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பட்டறைகளுக்கு இந்தப் புகார் தவறாமல் வரும். "காலையில எடுத்தா இன்டிகேட்டர் தூங்கித் தூங்கி அடிக்குதுண்ணா, வெயில் வந்தா சரியாயிடுது." வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருவதே பத்து மணிக்கு மேல்தான் என்பதால், சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று, இன்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரை மாற்றிக் கொடுப்போம். மறுநாள் விடியலில் சிப்காட் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது மறுபடியும் அதே தூக்கம்.

நம்ம ஊர்க் குளிர் தண்ணீர் உறையும் குளிர் இல்லை. ஓசூர், தளி மேட்டில் பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்கும் காலைகள் உண்டு. தருமபுரி, அரூர் பக்கம் கீழே இறங்கிவிட்டால் அதுகூட அபூர்வம். இந்த அளவுக் குளிர், நல்ல நிலையில் இருக்கும் இன்டிகேட்டரை ஒன்றும் செய்யாது. பாதி செத்த பேட்டரி, பச்சை பூத்த எர்த் (வண்டி பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), வயதான பிளாஷர் என்று ஏற்கெனவே தளர்ந்துபோன ஏதோ ஒன்றைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது. அது எது என்று தெரியாமல் பொருள் மாற்றினால் காசு வீண். கண்டுபிடிப்பதற்குப் பெரும்பாலும் செலவே இல்லை.

## முதலில் எண்ணிப் பாருங்கள்

வண்டி இரவெல்லாம் வெளியே நின்று குளிர்ந்திருக்கும் நேரத்தில் இதைச் செய்ய வேண்டும். மத்தியானம் செய்து பயனில்லை.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, இடது இன்டிகேட்டரைப் போடுங்கள். பத்து விநாடியில் எத்தனை முறை அடிக்கிறது? பத்து முதல் இருபது வரை இருந்தால் சரி. நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை அடிப்பதுதான் முறையான வேகம். பத்துக்குக் குறைந்தால் மெதுவு. வலது பக்கத்தையும் இப்படியே எண்ணுங்கள். அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, அதே எண்ணிக்கையை இன்னொரு தடவை எடுங்கள். கடைசியாக பிரேக்கை அழுத்திக்கொண்டு ஒரு தடவை.

சாவி மட்டும் போட்டால் இன்டிகேட்டர் எரியாத பழைய வண்டி என்றால் ஐடிலிங்கில் வைத்து எண்ணலாம்.

இனி உங்கள் வண்டிக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். மேலிருந்து கீழே எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், சரியான வாட்ஸில் ஒரு புது பல்பு, பேட்டரியிலிருந்து இன்டிகேட்டர் வரை எட்டும் நீளத்துக்கு ஒயர் இருந்தால் போதும்.

## இரண்டு பக்கமும் மெதுவு, ரேஸ் கொடுத்தால் வேகம் பிடிக்கிறது

அதிகம் வருவது இதுதான். கைகாட்டுவது பேட்டரியை. பிளாஷரைத் தொடவே வேண்டாம்.

டெர்மினல். சீட்டையோ சைடு பேனலையோ கழற்றி, டெர்மினல் போல்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். சாவியை அணைத்துவிட்டு முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்றுங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை ஓட்டுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின். முதலிலேயே வாசலினைத் தடவிவிட்டு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம்.

தண்ணீர். மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் பழைய வகை பேட்டரியா? பக்கவாட்டில் மேல்கோடு, கீழ்கோடு இருக்கும். மட்டம் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்து போர் தண்ணீரில் என்னென்ன உப்பு இருக்கிறது என்று கறை படிந்த பல்லைப் பார்த்தாலே தெரியும். அதை பேட்டரிக்குக் கொடுத்தால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரும் குடிக்கத்தான். ஆசிட்டும் சேர்க்காதீர்கள். ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான்.

நிற்கும் வோல்ட்டேஜ். காலையில் சாவி போடுவதற்கு முன், மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியில் நேராக அளக்க வேண்டும். 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.3 பக்கம் என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

நிற்கும்போது நல்ல எண் காட்டிவிட்டு வேலை கொடுத்தால் படுத்துவிடும் பேட்டரிகளும் உண்டு, குளிரில் அதிகம் ஏமாற்றுவது அவைதான். அதனால் மீட்டரைக் கழற்றாமல் செல்பை ஒருமுறை அழுத்துங்கள். 9.5 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. செல்ப் இல்லாத வண்டியில் பிரேக் லைட், இன்டிகேட்டர், ஹாரன் மூன்றையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். 11-க்குக் கீழே போனால் அதே முடிவுதான்.

சார்ஜிங். புது பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு நடுத்தர ரேஸில் பேட்டரி டெர்மினலில் அளந்தால் 13.5-க்கும் 14.8-க்கும் நடுவே காட்ட வேண்டும். ரேஸ் கொடுத்தும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. புது பேட்டரி போட்டாலும் ஒரு வாரத்தில் இதே கதைதான். 15-ஐத் தாண்டினால் சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பேட்டரி வெந்துபோகும், பல்புகளும் போகும். இரண்டில் எதுவானாலும் ரெகுலேட்டர் யூனிட்டின் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்கை) மட்டும் நீங்களே கழற்றிப் பாருங்கள். பின் கருகியோ, பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் காரணம் கண்ணிலேயே தெரிந்துவிடும். அதற்கு மேல் மேக்னட் காயில் சோதனை, யூனிட் மாற்றம் எல்லாம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை.

ஓட்டும் விதம். டெர்மினல், பேட்டரி, சார்ஜிங் மூன்றும் நன்றாக இருந்தும் காலையில் 12.2, 12.3 என்றே காட்டுகிறதா? வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கும் பால் சொசைட்டிக்கும் மட்டும் போய்வரும் வண்டிகளில் இது சகஜம். ஒவ்வொரு தடவையும் செல்ப் எடுக்கும் சார்ஜ், அந்த இரண்டு கிலோமீட்டரில் திரும்ப ஏறுவதில்லை. கிக்கர் இருந்தால் குளிர்காலக் காலைகளில் கிக்கரிலேயே எடுங்கள். வாரத்தில் ஒருநாளாவது ராயக்கோட்டை வரைக்கும் என்று ஒரு நீண்ட ஓட்டம் கொடுங்கள். இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வெளியே சார்ஜ் போடலாம். அப்போது ஒரு எச்சரிக்கை. பைக் பேட்டரிக்கு அதன் ஆம்பியர் அவரில் (கொள்ளளவில்) பத்தில் ஒரு பங்குதான் சார்ஜிங் கரண்ட். 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர். கடையில் லாரி பேட்டரிகளோடு வரிசையில் சேர்த்து மாட்டினால் சாயங்காலம் சூடாகத் திரும்பி வரும்.

கூடுதல் விளக்குகள். சூளகிரி தாண்டி ஓசூர் ரோட்டில் மூடுபனி அடர்த்தியாக இருக்கிறது என்று கிராஷ் கார்டில் இரண்டு எல்.இ.டி. விளக்கு மாட்டிக்கொள்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் முக்கால்வாசி வண்டிகளில் அதற்கான ஒயரை பேட்டரியிலிருந்து பியூஸ், ரிலே வைத்துத் தனியாக எடுப்பதில்லை. கைக்குக் கிடைத்த ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். அந்த ஒயர் பல நேரம் இன்டிகேட்டருக்கும் ஹாரனுக்கும் போகும் அதே ஒயராக இருக்கும். மொபைல் சார்ஜருக்கும் இதே கதைதான். சோதனை சுலபம். கூடுதலாக மாட்டிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இன்டிகேட்டரை மறுபடி எண்ணுங்கள். வேகம் பிடித்தால் பேட்டரியில் கோளாறு இல்லை, ஒயரிங்கைத்தான் பிரித்துப் போட வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் புது பேட்டரி. வண்டியில் என்ன ஆம்பியர் அவர் இருந்ததோ அதையே கேளுங்கள்.

## இரண்டு பக்கமும் மெதுவு, ரேஸ் கொடுத்தாலும் மாறவில்லை

பேட்டரி 12.6 காட்டுகிறது, ரேஸுக்கும் அசையவில்லை. இப்போது பிளாஷரைச் சந்தேகிக்கலாம். அதற்குக் கரண்ட் வரும் வழியையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும்.

பிளாஷர் எங்கே என்று தெரியவில்லையா? இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு சைடு பேனல், சீட்டின் அடி, ஹெட்லைட் பின்புறம் என்று காதை வைத்துக் கேளுங்கள். டிக் டிக் என்று விரலுக்கும் தெரியும். ஸ்கூட்டரில் பெரும்பாலும் முன் பேனலுக்குள் இருக்கும்.

பின்களும் பியூஸும். பிளாஷரை சாக்கெட்டிலிருந்து உருவி, பின்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, திரும்ப அழுத்தி மாட்டுங்கள். பியூஸையும் அப்படியே. பியூஸ் போகாமலே அதன் கால் துருப்பிடித்து வோல்ட்டேஜைத் தின்னும். இதிலேயே பல வண்டிகள் சரியாகிவிடும்.

சட்டைப் பைச் சோதனை. இரவில் பிளாஷரை மட்டும் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சிறிது நேரம் சட்டைப் பையிலோ உள்ளங்கையிலோ வைத்துச் சூடேற்றி, குளிர்ந்து நிற்கும் வண்டியில் மாட்டி உடனே எண்ணுங்கள். இப்போது சரியான வேகத்தில் அடித்தால் குற்றவாளி பிளாஷர்தான். மாறவே இல்லை என்றால் பிளாஷர் தப்பித்தது. எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

பழைய வண்டிகளில் வரும் உருண்டைத் தகர டப்பா வகை பிளாஷர் சூட்டில்தான் இயங்குகிறது. குளிர்ந்த காலையில் முதல் சில அடி மெதுவாக அடித்துவிட்டு அரை நிமிடத்தில் சரியானால், அது அதன் சுபாவம். அதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

ஒயரை வைத்துப் பார்ப்பது. பிளாஷரைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டில் பி (பேட்டரியிலிருந்து வருவது), எல் (விளக்குக்குப் போவது) இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். மூன்று பின் இருந்தால் இ என்று போட்ட எர்த்தைத் தொடவே கூடாது. இன்டிகேட்டரைப் போட்டால் அடிக்காமல் நின்று எரியும். பளிச்சென்று எரிகிறதா? ஒயரிங் நன்றாக இருக்கிறது, பிளாஷரை மாற்றலாம். மங்கலாக எரிகிறதா? புது பிளாஷர் வாங்கியும் பலனில்லை. வழியில் எங்கேயோ வோல்ட்டேஜ் குறைகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க, விளக்கு நின்று எரியும்போதே மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். கறுப்பு முனையை பிளாஷர் சாக்கெட்டின் பி பின்னில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பியூஸ், சாவி சுவிட்ச், நடுவில் இருக்கும் கப்ளர் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பாருங்கள். ஹெட்லைட் டூமுக்குள் இருக்கும் கப்ளர்களைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினாலே பாதி சமயம் தீரும். வடகிழக்கு மழையில் நனைந்து, அது காய்வதற்குள் பனியும் இறங்கிவிடுகிறது. பச்சை பூக்க வேறென்ன வேண்டும்?

புது பிளாஷர் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பின் எண்ணிக்கை, வோல்ட், மேலே எழுதியிருக்கும் வாட்ஸ் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நம் பைக்குகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 10 வாட்ஸ் இரண்டு பல்பு. பழைய 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். மாட்டும்போது ரப்பர் உறையை மறக்காதீர்கள். அது இல்லாமல் தொங்கவிட்டால் அஞ்செட்டி ரோட்டுக் குலுங்கலில் சீக்கிரம் போய்விடும்.

## ஒரு பக்கம் மட்டும் மெதுவு

இரண்டு பக்கத்துக்கும் பிளாஷர் ஒன்றே. மறுபக்கம் சரியாக அடித்தால் பிளாஷரும் பேட்டரியும் நன்றாகத்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த், ஒயர், இந்த நான்குக்கு வெளியே போக வேண்டியதில்லை.

இறங்கி முன்பக்கமும் பின்பக்கமும் பாருங்கள், இரண்டு பல்பும் எரிகின்றனவா? ஒன்று போயிருந்தால் பழைய வகை பிளாஷர் மெதுவாகும் அல்லது நின்றுவிடும். எலக்ட்ரானிக் வகையோ படபடவென்று வேகமாக அடிக்கும். இரண்டும் எரிந்தால் பல்பைக் கழற்றி அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அவசரத்துக்குப் பெட்டிக்கடை பல்பு வாங்கி 10 வாட்ஸ் இடத்தில் 5 வாட்ஸ் போட்டிருப்பார்கள். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் எரிந்தாலும் மாற்றிவிடுங்கள். அது சில பத்து ரூபாய் விஷயம்.

பல்பு சரி என்றால் ஹோல்டர். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் காண்டாக்ட் துருப்பிடித்து அமுங்கியிருக்கும். தேய்த்து, சிறிய ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் மேலே எழுப்பிவிடுங்கள், சாவியை அணைத்துவிட்டு.

அடுத்தது எர்த். ஒரு பக்கக் கோளாறில் பாதிக்கு மேல் இங்கேதான் முடியும். ஒயரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் தொட்டு, மறுமுனையை பல்பின் உலோக உடம்பில் வையுங்கள். உடனே வேகம் பிடித்தால் எர்த் சரியில்லை. மீட்டர் இருந்தால், விளக்கு எரியும்போது இதே இரண்டு இடங்களுக்கு நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இன்டிகேட்டர் தண்டு பாடியில் மாட்டும் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி இறுக்குங்கள். பிளாஸ்டிக் தண்டு என்றால் எர்த்துக்குத் தனி ஒயர் வரும். அதன் கப்ளரைப் பாருங்கள்.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் தக்காளிக் கூடையும் பால் கேனும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பின் இன்டிகேட்டர் அடிபடாத வாரமே கிடையாது. தண்டு வளைந்து உள்ளே ஒயர் நசுங்கியிருக்கும். மற்ற வண்டிகளில் ஹேண்டிலை முழுக்க இடதும் வலதும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் வேகம் மாறினால் கழுத்துப் பகுதியில் ஒயர் உள்ளுக்குள் அறுந்துகொண்டிருக்கிறது. பழைய ஒயரின் மேலுறை குளிரில் விறைப்பதால் காலையில் இது கூடுதலாகத் தெரியும். கழுத்து ஒயரை நீங்களே ஒட்டுப் போட வேண்டாம். ஹேண்டில் திரும்பத் திரும்ப ஒட்டு விலகும். அந்தத் துண்டையே மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

லென்ஸுக்குள் பனி கோர்த்து நிற்கிறதா? கழற்றித் துடைத்து, கீழே இருக்கும் சின்ன ஓட்டையைக் குச்சியால் குத்திச் சேற்றை எடுங்கள். தண்ணீர் புகாமல் இருக்கட்டும் என்று அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. புகுந்த ஈரம் வெளியே போக இருக்கும் ஒரே வழி அதுதான்.

## எரிந்து நிற்கிறது, அடிப்பதே இல்லை

குளிரில் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது ஒரு நாள் இப்படி வந்து நிற்கும். முதலில் எஞ்சினை எடுத்து ரேஸ் கொடுங்கள். அடிக்க ஆரம்பித்தால் மேலே பேட்டரி பகுதிக்குப் போங்கள். இல்லையென்றால் இரண்டு பல்பும் எரிகிறதா, வாட்ஸ் சரியா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் பிளாஷரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் அடித்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. தட்டித் தட்டி ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

எரிவதே இல்லை என்றால் ஹாரனை அழுத்துங்கள். பல வண்டிகளில் இரண்டுக்கும் பியூஸ் ஒன்றுதான். ஹாரனும் அடிக்கவில்லை என்றால் பியூஸ். புது பியூஸ் போட்டதும் அதுவும் போனால் நிறுத்திவிடுங்கள். பெரிய பியூஸோ, சிகரெட் பேப்பர் ஜிகினாவோ போட்டு ஓட்டுவது ஒயரிங்குக்குத் தீ வைக்கிற வேலை.

## பிரேக் அழுத்தினாலோ ஹெட்லைட் போட்டாலோ மட்டும் மெதுவு

தனியாகப் போட்டால் சரியாக அடித்து, பிரேக் பிடித்ததும் இழுத்தால் பொதுவான எர்த் ஒன்று விட்டிருக்கிறது. பின்னால் ஒருவரை நிற்க வைத்து பிரேக்கை அழுத்துங்கள். டெயில் லைட்டும் இன்டிகேட்டரோடு சேர்ந்து மின்னி மின்னி எரிகிறது என்று அவர் சொன்னால் பின்பக்கத்து எர்த். பின் மட்கார்டின் உள்ளே இருக்கும் கப்ளரையும் எர்த் போல்ட்டையும் சுத்தம் செய்யுங்கள். பின்னால் அப்படி இல்லை, ஆனால் எது போட்டாலும் இழுக்கிறது என்றால் பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸுக்குப் போகும் தடித்த ஒயரின் மறுமுனையைத் தேடிப் பிடித்துச் சுரண்டி இறுக்குங்கள். பேட்டரி பக்கத்து முனையை எல்லோரும் பார்ப்பார்கள். மறுமுனையை யாரும் பார்ப்பதில்லை.

இதில் தீரவில்லை என்றால் பேட்டரி சோதனைக்குத் திரும்புங்கள்.

## இரண்டு மூன்று தடவை தள்ளினால்தான் பிடிக்கிறது

சுவிட்ச். உள்ளே கிரீஸ் காய்ந்து, அதில் தூசி ஒட்டி, காலைக் குளிரில் கெட்டியாகிவிடும். கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் ரோட்டில் தினமும் போகிற வண்டிகளில் இது சீக்கிரம் வரும். சாவியை அணைத்து, பட்டன் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, இடதும் வலதுமாக நன்றாகத் தள்ளித் தள்ளி விடுங்கள். காய்ந்ததும் சோதியுங்கள். பெட்ரோல் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். குளிரில் அது உறைந்துபோகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் ஊற்றுகிறார்கள்.

சுவிட்சைப் பிரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே கடுகளவு உருண்டை ஒன்றும் ஸ்பிரிங் ஒன்றும் இருக்கும். திறந்தவுடன் பறந்துவிடும். ஒரு வேட்டியை விரித்து அதன்மேல் வைத்துத் திறங்கள்.

## எல்.இ.டி. மாற்றிய பிறகு வந்த கோளாறு

எல்.இ.டி. போட்டால் மெதுவாவதைவிட வேகமாக அடிப்பது, அல்லது நின்று எரிவதுதான் அதிகம். எல்.இ.டி.க்கு உரிய பிளாஷர் போட்டால் தீரும். ரெசிஸ்டர் மாட்டியும் சரிசெய்யலாம். ஆனால் அது கை வைக்க முடியாத அளவு சுடும் என்பதால் பிளாஸ்டிக்கில் கட்டக் கூடாது. ஒரு பக்கம் போட்டால் நான்கும் மினுக்குகிறதா? மீட்டரில் இன்டிகேட்டருக்கு ஒரே ஒரு பைலட் விளக்கு இருக்கும் வண்டிகளில் அப்படி வரும். பைலட்டுக்கு டையோடு போட வேண்டும், கடைக்காரரிடம் கேட்டால் கொடுப்பார். முன்னால் எல்.இ.டி., பின்னால் சாதா பல்பு என்று கலந்து வைத்திருந்தால் நான்கையும் ஒரே வகையாக்குங்கள்.

## சரியாகும்வரை ஓட்ட வேண்டியிருந்தால்

மெதுவாக அடிக்கும் இன்டிகேட்டரில், பின்னால் வருகிறவர் இரண்டாவது அடியைப் பார்ப்பதற்குள் நீங்கள் திரும்பியிருப்பீர்கள். வழக்கத்தைவிட முன்னதாகவே போட்டு, கையையும் காட்டுங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் வரும் லாரிக்கு, நீங்கள் பாதை மாறப்போவது எவ்வளவு முன்னால் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

மூடுபனியில் நான்கு இன்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. அப்போது நீங்கள் திரும்புவது யாருக்கும் தெரியாது. தளர்ந்த பேட்டரி என்றால் அதுவும் சேர்ந்து இறங்கும். ஓரமாக நிறுத்தியிருக்கும்போது மட்டும் அதைப் போடுங்கள்.

## எப்போது கைவிட வேண்டும்

சார்ஜிங் 13-க்குக் கீழே அல்லது 15-க்கு மேலே, கப்ளர் உருகியிருக்கிறது, பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது, ஒயர் கருகும் வாசனை வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு தொடாதீர்கள்.

2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகை விதிக்கு ஏற்ற) வண்டிகளில் தனி பிளாஷரே இல்லாத மாடல்களும் இருக்கின்றன. இன்டிகேட்டர் அடிக்கும் வேலையை வேறொரு கன்ட்ரோல் யூனிட் பார்த்துக்கொள்ளும். அங்கே பேட்டரி டெர்மினலும் பல்பும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். மேலே சொன்ன பி, எல் இணைக்கும் வேலையை அந்த யூனிட்டில் செய்யவே கூடாது. வாரண்டி இருக்கும் வண்டியில் ஒயரைச் சீவினால் வாரண்டியும் போகும்.

எலக்ட்ரீஷியனிடம் போகும்போது "இன்டிகேட்டர் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். காலையில் பத்து விநாடிக்கு எத்தனை, ரேஸ் கொடுத்தால் எத்தனை, பேட்டரி வோல்ட் என்ன என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் முந்தின நாள் மாலையே வண்டியைக் கடையில் விட்டு, இரவு வெளியிலேயே நிறுத்தி, காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஐடிலிங்கில், ஹெட்லைட் எரிய, பிரேக்கை அழுத்திக்கொண்டு இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள். மறுநாள் விடியலில் வண்டியை எடுப்பதற்கு முன் இன்னொரு தடவை.